கதவோரச் சரக்கு

என் அப்பா ஆறுமுகநயினார் வருஷத்தில் இரண்டு வாரம் ஆரோக்கியமாக வாழ்வார்.

பொங்கல் முடிந்ததும் அது தொடங்கும். வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பேறாது. ராத்திரி இட்லி. காலையில், மற்ற மாதங்களில் டப்பாவுக்குள் தூங்கும் வெள்ளை ஷூவை எழுப்பி மாட்டிக்கொண்டு ரோச் பூங்காவில் நடப்பார். எதிரில் வருகிறவர்களிடம் உடற்பயிற்சியின் அவசியத்தை விளக்குவார். பிறகு ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் எல்லாம் கோட்டுக்கு மயிரிழை உள்ளே நிற்கும். அதை லேமினேட் செய்து அலுவலகச் சுவரில், லைசென்சுக்குப் பக்கத்தில் மாட்டுவார். அன்று சாயங்காலமே சிவனாண்டி கடையில் பொரிச்ச பரோட்டா. மீதி வருஷம் முழுக்க அதே.

அப்பா கிளியரிங் ஏஜெண்ட். வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களைச் சுங்கத்தில் காட்டி, கையெழுத்து வாங்கி, லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவது தொழில். கையெழுத்து விழுந்த சரக்கைப் பற்றி அவர் மறுபடி யோசிப்பதில்லை. உடம்பையும் அந்தக் கணக்கிலேயே வைத்திருந்தார்.

"டாக்டரே சரின்னுட்டாரு. ஒரு வருஷத்துக்குச் செல்லும்ல," என்பார், சால்னாவில் பரோட்டாவை ஊறவிட்டபடி.

அம்மா பேச்சிச்செல்விக்கு அந்தக் கையெழுத்தில் நம்பிக்கை இல்லை. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், எடைமேடையில் லாரியை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனவர், டீக்கடையிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வருஷம் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் பரோட்டாவைப் பற்றிச் சண்டை போட்டோம்.

இந்தப் பொங்கலுக்கு மறுநாள் அம்மா ஒரு பந்தயம் வைத்தாள்.

"இந்தத் தடவ எல்லாம் சரியா வந்துட்டுன்னா, உங்க சாப்பாட்டப் பத்தி இனி நான் வாயே திறக்க மாட்டேன். வரலன்னா, நான் போடுததத்தான் சாப்பிடணும். ஆயுசு முழுக்க."

அப்பா சிரித்துவிட்டார். "ஏளா, பொறவு பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். டாக்டரு மட்டும் நான் சொல்லுத ஆளு."

சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை அந்தப் படிப்பு வீட்டில் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அம்மா சொன்ன ஆள் டாக்டர் விஜிலா. தருவைகுளத்துக்காரர். அவருடைய அப்பா சுங்கத்தில் சரக்குப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். இதைக் கேள்விப்பட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"நம்ம சேவியர் சார் மகளா? ஏலே, அப்பம் நம்ம ஆளுல்லா."

இரண்டு வாரம் பூங்காவைத் தேய்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு, பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளினிக்கில் போய் உட்கார்ந்தார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அண்ணாச்சி, கூடப் பிறந்தவங்க யாருக்கும் நெஞ்சுவலி வந்திருக்கா?"

அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். "எங்க அண்ணன்," என்றார். டாக்டர் சீட்டில் எழுதினார்.

"கொழுப்பு பாத்திருவோம். வெறும்வயித்துச் சர்க்கரை. அதோட மூணு மாசச் சர்க்கரையும்."

"அதென்னம்மா மூணு மாசம்? நான் இன்னைக்குத்தான வந்திருக்கேன்."

"நீங்க இன்னைக்கு வந்திருக்கிய. உங்க ரத்தம் மூணு மாசத்தையும் கூட்டிட்டு வந்திருக்கும். ரெண்டு வாரம் வாயக் கட்டுனாலும், அதுக்கு முன்னால தின்னத அது சொல்லிரும்."

அப்பா பின்னோக்கி யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பொங்கல். புத்தாண்டு. கிறிஸ்துமசுக்கு இறக்குமதிப் பார்ட்டிகள் கொடுத்தனுப்பிய மக்ரூன் இனிப்புப் பெட்டிகள். அதற்கும் பின்னால் தீபாவளி முந்திரிக்கொத்து. தீபாவளியைத் தொட்ட இடத்தில் முகம் சீல் உடைந்த கண்டெய்னர் மாதிரி ஆகிவிட்டது. அம்மா கைப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அன்போடு நீட்டினாள்.

சாயங்காலம் ரிப்போர்ட்டோடு மறுபடி டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். வெறும்வயிற்றுச் சர்க்கரை வழக்கம்போல் நல்ல பிள்ளையாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை கோட்டைத் தாண்டியிருந்தது. கெட்ட கொழுப்பும் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தம் தாண்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"மறு சாம்பிள் எடுக்கலாமா?" என்றார் அப்பா.

"எடுக்கலாம் அண்ணாச்சி. உள்ள இருக்கது அதே சரக்குதான?" டாக்டர் சிரித்தார். "எங்கப்பா சொல்லுவாங்க, சில பார்ட்டி கண்டெய்னர் கதவோரமா மட்டும் நல்ல மூட்டையா அடுக்கி வச்சிருப்பானாம். கதவத் திறந்து பாத்துட்டுக் கையெழுத்து போட்டிருவாங்கன்னு."

"அந்த மாதிரிப் பயலுவள நான் ஆபீஸ் படியேற விடுததில்ல," என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. முப்பது வருஷமாகச் சொல்லி வரும் வாக்கியம் அது. உண்மையும்கூட.

அம்மா ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தை மிகுந்த அக்கறையோடு கவனித்தாள். நான் சாட்சி என்ற முறையில் தரையைப் பார்த்தேன்.

அப்பா குரலை இறக்கிக் கேட்டார்: "எங்கண்ணன் மாதிரி ஆயிருமாம்மா?"

"அவங்களுக்கு முன்னாடி எப்பவாச்சும் டெஸ்ட் பாத்தாங்களா?"

"அவன் டாக்டர் வீட்டு வாசலையே மிதிச்சதில்ல."

"உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிட்டு. ஈ.சி.ஜி. நல்லா இருக்கு. ஒரு மாத்திர தாரேன். தினம் நடங்க. எண்ணெய், உப்பு, இனிப்பக் கொறைங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்."

வீட்டுக்கு வரும் வழியில், நான் என் வண்டியில் பின்தொடர, சிவனாண்டி கடையைக் கடந்தோம். கல்லில் பரோட்டா பொரியும் சத்தம் கேட்டது. அப்பா பைக்கை நிறுத்தவில்லை. பின்னால் அம்மா உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம்.

அம்மாவின் ஆட்சி நாங்கள் பயந்த அளவுக்குக் கொடுமையாக இல்லை. சாளை மீன் வறுவல் போய்ச் சாளை மீன் குழம்பு வந்தது. சோறு குறைந்து கீரை ஏறியது. கருவாட்டுக்கு மட்டும் நாடுகடத்தல் உத்தரவு. மாதம் ஒரு பரோட்டாவுக்கு அனுமதி உண்டு, பொரிக்காதது. அப்பா அதை ஒவ்வொரு அடுக்காகப் பிரித்து, நீண்ட நேரம் பேசிப் பழகிச் சாப்பிட்டார். தையில் தொடங்கிய நடை பங்குனியிலும் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளை ஷூவின் அடிப்பாகம் தேய்ந்தது.

சிவனாண்டி ஒரு நாள் என்னை மறித்தார். "என்னடே, அண்ணாச்சியக் காணோம்? உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாகிட்டிருக்கு. அதான் காணோம்."

அவர் தோசைக்கரண்டியைக் கல்லில் ஓங்கித் தட்டினார்.

மறு பரிசோதனைத் தேதியை அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. சித்திரையில் ஒரு காலை, நடைக்குக் கிளம்பியவரை வாசலில் நிறுத்தினாள்.

"ஒண்ணும் குடிக்காதிய. டாக்டர்ட்ட போவணும்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். என்ன, ரெண்டு வாரம் டைம் வேணுமா?"

அப்பா குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். "எதுக்கு? எந்த மூட்டைய வேணும்னாலும் இறக்கிப் பாக்கச் சொல்லு."

பார்த்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை கோட்டுக்குள் வந்திருந்தது. கொழுப்பு பாதித் தூரம் இறங்கியிருந்தது. "வழிக்கு வந்திருக்கு, விட்டுராதிய அண்ணாச்சி," என்றார் டாக்டர். அப்பா ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே லேமினேஷன் கடைப் பக்கம் திரும்பினார்.

"ஒட்டாதிய," என்றாள் அம்மா. "அடுத்தது வரும்."

இப்போது அலுவலகச் சுவரில் ஒரு கிளிப் தொங்குகிறது. புதிய ரிப்போர்ட் வந்தால் பழையது கழன்றுவிடும். லேமினேட் செய்த பழைய ரிப்போர்ட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன. அவற்றின் மேல்தான் அப்பா டீ டம்ளரை வைக்கிறார். சர்க்கரை போடாத டீ. முகம் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். ஆனாலும் மிச்சம் வைப்பதில்லை.