ராகேல் டீச்சர் துவைத்த அங்கி

பத்து வருடமாக நான் சொல்லிக் கேட்காத மனிதர், ராகேல் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னதும் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டால் எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் எட்சனுக்கு வலது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மரு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. மகள் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முந்திக்கொண்டு அதுதான் கண்ணில் படுகிறது. அவள் கல்யாணத்துக்கு முன்பே தலைபாடாக அடித்துக்கொண்டேன், மார்த்தாண்டம் போய் அதைக் கரித்து எடுத்துவிட்டு வாருங்கள் என்று. "அது பாட்டுக்குக் கெடக்கட்டு. உனக்கு அது சோறா கேக்குது?" என்பார். வாழைக்குலை வியாபாரி. வெயிலில் தோட்டம் தோட்டமாக அலைந்து தோலும் தடித்துவிட்டது, காதும் அடைத்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் புட்டும் பயறும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஜெஸ்பினு, நாளைக்கு ஒரு தோல் டாக்டர்ட்ட போணும். இந்த மருவ காட்டணும்."

"இது என்ன புதுசா?"

"ராகேல் டீச்சர் சொன்னா. கண்டிப்பா காட்டணுமாம்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

ராகேல் டீச்சர் யாரென்று சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் பச்சைக் கேட் போட்ட வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷன் பஹ்ரைனில். என்னைவிட நாலைந்து வயது இளையவள், பார்த்தால் பத்து வயது இளையவள் என்பார்கள். சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறாள். என் வீட்டுக்காரர் பேஸ், ஆண்களின் அடிக்குரல். ஆல்டோ வரிசை முடிகிற நாற்காலி அவளுக்கு, அதை ஒட்டி பேஸ் வரிசை தொடங்குகிற நாற்காலி இவருக்கு. இவருடைய வலது பக்கம் அவள். பெண்கள் பக்கத்தில் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைப் பார்க்கிற பாக்கியம் எனக்கு. அவள் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ காட்டுவாள், இவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். வீட்டில் நான் பேசும்போது அந்தத் தலை ஒரு தடவை சாய்ந்திருக்குமா?

'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் என்றால் நான் மைனி. "மைனி, சுகமா இருக்கியளா?" என்று வாய் நிறையக் கேட்பாள். அந்த மைனியில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைத் தைத்தது நான். இவருக்குக் கழுத்து பெரிது, பட்டை பிடிக்கிறது என்றார் என்று பின்னால் ஒரு துண்டு ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். மாதா மாதம் அதைக் கொண்டுவருவார், நான் நீலம் போட்டுத் துவைத்துக் கொடுப்பேன். கிறிஸ்துமஸ் முடிந்தபிறகு அங்கி வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. கேட்டால், "சர்ச்சிலயே கெடக்கு, அழுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின வாரம் மீன் வாங்கப் போகிறேன், பச்சைக் கேட்டுக்கு உள்ளே கொடியில் அங்கி தொங்குகிறது. என் கை போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதா? வேறு யாருக்கும் அப்படி ஒரு கழுத்து கிடையாது. கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். உடம்பும் கையும் உலர்ந்து கிடக்கிறது, கழுத்துப் பட்டை மட்டும் சொட்டச் சொட்ட ஈரம். கழுத்தை மட்டும் ஒருத்தி எதற்குக் கசக்க வேண்டும்? அதில் என்ன பட்டது? யாருடைய பவுடர்? அன்றைக்கு வாங்கின சாளையை நான் சரியாகக் கழுவக்கூட இல்லை, குழம்பில் செதிள் கிடந்தது என்று அவரிடம் பேச்சு வாங்கினேன். ஆனாலும் அங்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

அப்புறம் அந்த நகவெட்டி. மகன் ஜெரிஷ் குவைத்திலிருந்து கொண்டுவந்த நல்ல நகவெட்டி. எப்போது தேடினாலும் கிடைக்காது. ஒருநாள் பார்த்தால், சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைப் பையில் இருக்கிறது. பேரப்பிள்ளை பிறந்த பிறகு நகம் வெட்டி மினுக்கிக்கொண்டு பாடப் போகிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க?

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறவளிடம் வந்து, ராகேல் டீச்சர் சொன்னா என்கிறார்.

"அவ சொன்னா போவியளோ? நான் இத்தன நாளு சொன்னது பட்டி கொரைக்கியதுன்னு நெனச்சியளோ?"

"ஏட்டி, ஒரு நல்ல காரியம் சொன்னா, சொன்னது யாருன்னு பாப்பியா?"

"பாப்பேன். அவளயே கூட்டிட்டுப் போங்க."

சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. புட்டைப் பிசைந்துகொண்டே, "நீயும் வா" என்றார். குரல் அடங்கியிருந்தது.

மறுநாள் மகன் எடுத்துத் தந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு பைக்கில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பட்டு என்று கேட்காதீர்கள். பச்சைக் கேட்டைத் தாண்டித்தானே போக வேண்டும். டீச்சரும் கேட்டில்தான் நின்றாள், காத்து நின்றதுபோல. "மைனி, போயிட்டு வாருங்க" என்றாள். சேலையை அவள் பார்க்கவே இல்லை. அவள் கண் நேராக அவர் கன்னத்துக்குத்தான் போனது.

டாக்டர் பெபிஷாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி வைத்த ஒரு விளக்கைக் கன்னத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மிளகு மாதிரி உருண்டு நின்றது இப்போது தட்டையாகக் கிடந்தது, சுற்றிலும் சிவப்பாக. என்றைக்கு இப்படி ஆனது? எனக்குத் தெரியவில்லை. பைக்கில் போனால் அவர் முதுகு தெரியும். சாப்பிடும்போது டிவி பக்கம் முகம். படுத்தால் வலது கன்னம் தலையணையில். புருஷன் முகத்தை நேருக்கு நேர் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தால் வெட்கமாக இருந்தது.

"வளர்ந்துதா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர். சுருங்கிட்டுதான் வருது."

"எப்பவாவது ரத்தம் வந்துதா?"

"இல்ல."

டாக்டர் விளக்கை அணைத்தார். "ஓரம் எனக்கு அவ்வளவு திருப்தியா இல்ல. வளர்ந்தாலோ ரத்தம் வந்தாலோ இன்னைக்கே சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். அப்படி ஒண்ணும் இல்லன்னா ஆயின்மென்ட் போட்டு ரெண்டு மாசம் பாக்கலாம். நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

"ரெண்டு மாசம் பாக்கலாம் டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொன்னார்.

அந்தக் குரல்! சபை முழுக்க அதிர்கிற பேஸ் குரல், கம்பியாக மெலிந்து வந்தது. முப்பது வருடத்துக் குடித்தனத்தில் அந்தக் குரலை எனக்குத் தெரியும். சீட்டுப் பணம் போனபோது போகவில்லை என்று சொன்னதும் இதே குரலில்தான். மனிதர் பொய் சொல்கிறார்.

ரத்தம். கழுத்து மட்டும் நனைந்த அங்கி.

ரத்தம் வந்தது டாக்டர் என்று நானே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதையும் கண்ணால் கண்டதில்லையே. எவ்வளவு வந்தது, எப்போதிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வி கேட்டால் என்ன சொல்வேன்? கண்டது ஒருத்திதான். அவளிடம் போய், என் புருஷன் முகத்தில் என்ன நடக்கிறது என்று நான் கேட்க வேண்டும். அதைவிட அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம் டாக்டர், எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸ்அப்பில் அவள் நம்பர் கிடந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மைனி, டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டீச்சர், அதுல இவியளுக்கு ரத்தம் வந்துதா?"

"அண்ணன் இன்னும் உங்கட்ட சொல்லல்லியா?" என்றாள்.

"நீங்க சொல்லுங்க."

"கேரல் பாடப் போன சமயத்துலயே தொடங்கிட்டு மைனி. கொம்பு மாதிரி முளைக்குது. கிராம்பு அளவுக்கு வந்ததும் அண்ணன் நகவெட்டிய வச்சு வெட்டி விட்டுருவாரு. திரும்பவும் முளைக்கும், முன்னைய விட தடியா. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்னைக்கு அங்கி மாத்துற அறையில வெட்டுனாரு. ரத்தம் நிக்கவே இல்ல, கழுத்தெல்லாம் ஆயிட்டு. மைனிட்ட சொல்லப்பிடாதுன்னு கெஞ்சுனாரு. டாக்டர்ட்ட போகல்லன்னா சொல்லிருவேன்னு மிரட்டித்தான் நான் அனுப்புனேன்."

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வைக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

உள்ளே போனேன். டாக்டருக்கு முன்னால் வைத்தே அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். நகவெட்டி இருந்தது. எடுத்து மேசையில் போட்டேன்.

"டாக்டர், இது கொம்பா வளருது. இத வச்சு வெட்டுதாரு. இங்க வரப்போறோம்னு இன்னைக்கும் வெட்டியிருப்பாரு. வெட்டுனா ரத்தம் வருது. கிறிஸ்மஸ்லேருந்து இதுதான் நடக்குது."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். தலையைத் தூக்காமலே, "எங்க அப்பாவுக்கும் கன்னத்துலதான் தொடங்கிச்சு" என்றார். மாமனாரைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கொண்டு அலைந்தது எனக்கும் நினைவிருக்கிறது. கடைசியில் வாய் திறந்து கஞ்சி குடிக்க முடியாமல்தான் அவர் போனார்.

அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துண்டு சதை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ட்ட சொல்லாதத அவகிட்ட எப்படிச் சொன்னியோ?"

கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு சொன்னார்: "நான் சொல்லல்ல ஏட்டி. அவ கண்டா."

சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நாலு திட்டு திட்டியிருப்பேன். அவள் கண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்து பாட்டுப் புத்தகம் பார்க்கிறவள் கண்டாள், ஒரே கூரையின் கீழ் இருக்கிற நான் காணவில்லை. இதற்கு யாரைத் திட்ட? வீடு வந்து சேரும்வரை பைக்கில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொறாமை அடங்கவே இல்லை.

ரிசல்ட் வந்தது. கேன்சர்தான். மேலோடு நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை என்றார்கள். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து வட்டமாக வெட்டி எடுத்து, கழுத்துப் பக்கத்துத் தோலை இழுத்துத் தைத்தார்கள். முழுவதும் எடுத்தாயிற்று, ஆனால் இன்னும் கொஞ்சநாள் வெட்டிக்கொண்டே இருந்திருந்தால் கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கும் என்றார் பெரிய டாக்டர். புதிதாக எங்கேயாவது ஏதாவது முளைக்கிறதா என்று உடம்பெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று என்னிடம்தான் சொன்னார். டீச்சரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு தினமும் காலையில் முற்றத்து வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைப்பேன். நெற்றி, மூக்கு, காது மடல், பிடரி என்று ஒரு இடம் விடமாட்டேன். "போதும் ஏட்டி, ஆளு பாக்குது" என்று நெளிவார். பார்க்கட்டும்.

ஒரு சாயங்காலம் டீச்சர் வந்தாள். கையில் ஆரஞ்சும், தேய்த்து மடித்த அந்த அங்கியும். அங்கியை அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள்.

"கறை முழுசா போயிட்டு மைனி."

ஏத்தங்காய் வறுத்ததும் சாயாவும் வைத்தேன். தையலைக் குனிந்து பார்த்தாள். "நல்லா கூடி வருது. வேற எங்கயும் ஒண்ணும் இல்லல்லா?"

"இடது காதுக்குப் பின்னால சின்னதா ஒரு மச்சம் உண்டு" என்றேன். "பொறந்ததுலேருந்தே உள்ளது. பிடரியில ரெண்டு. எல்லாம் நான் பாத்து வச்சிருக்கேன்."

அவர் சாயாவுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். காதுக்குப் பின்னால் உள்ளது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கேட் வரைக்கும் கூடப் போனேன். "டீச்சர், நீங்க இல்லேன்னா..." என்று தொடங்கினேன். மேற்கொண்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவளுக்காக நான் ஜெபிக்காத நாள் கிடையாது. அவள் புருஷன் சீக்கிரம் பஹ்ரைனிலிருந்து வந்து சேர வேண்டும் என்றும் சேர்த்தே ஜெபிக்கிறேன்.

அவள் தெரு திரும்பும் முன்னே உள்ளே வந்து, மடிப்புக் கலையாத அந்த அங்கியை உதறி சோப்பு வாளிக்குள் முக்கினேன்.

"ஏட்டி, அது டீச்சர் துவைச்சதுல்லா?" என்றார் உள்ளேயிருந்து.

"கழுத்து சரியா வெளுக்கல்ல" என்றேன்.

கழுத்து வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் கசக்கிக்கொண்டே இருந்தேன்.