அண்ணனுக்கு ஒரு திதி

நான் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். மலாக்கா–தம்பின் பஸ்ஸில் எவன் டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல் நடிக்கிறான் என்பதைப் படியில் கால் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். பொய் சொல்கிறவன் கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பான்; கேட்கும் கேள்விக்கு மட்டும் வைத்திருக்க மாட்டான். எட்டு வருஷ அனுபவம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொன்ன பொய் எவ்வளவு மட்டமானது என்பது அப்போதுதான் விளங்கும்.

1958-ல், முதலாம் ஆண்டு மெர்டேகா சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்குக் கட்டிய தோரணங்களை இன்னும் அவிழ்க்காத வாரத்தில், மூன்று வார லீவு எழுதிக் கொடுத்தேன். எங்கே என்று கேட்டவர்களிடம், சயாம் காட்டில் யானை பார்க்கப் போகிறேன் என்றேன். டிப்போவில் ஒரே சிரிப்பு.

"உங்க வீடு இருக்கிற காஜா பெராங் பேர்லயே யானை இருக்கு, மலாய்ல காஜான்னா யானைதானே. அது பத்தாம சயாம் யானை வேற வேணுமா உனக்கு?" என்றார் டிரைவர் மாணிக்கவாசகம். நானும் சிரித்து வைத்தேன். உண்மை என் அண்ணிக்கும் எனக்கும், சேதி சொன்ன ஒருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

என் அண்ணன் மருதமுத்துவை 1943-ல் ஜப்பான்காரன் சயாமில் ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனான். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்த தண்டவாளத்தையும் பிடுங்கி அங்கேதான் கொண்டுபோனான். இரண்டும் திரும்பவில்லை. அண்ணி அஞ்சலைக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணமாகி எட்டு மாதம். எனக்குப் பதினாறு.

யுத்தம் முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களில் ஒருவன், அண்ணன் காலராவில் போய்விட்டான் என்றான். இன்னொருவன், இல்லை, அதற்குப் பிறகும் பார்த்தேன் என்றான். கருமாதி செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னபோது அம்மா விடவில்லை. "பொணத்தைக் கண்டது யாரு?" என்பாள். அதற்குமேல் பேச்சு ஓடாது. 1952-ல் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். ஊர் வாய்க்குப் பயந்து நான் டிப்போ மாடியில் ஓர் அறைக்கு மாறினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போவேன். அண்ணி பரிமாறிவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். எங்களுக்குள் பேச என்ன இருந்தது? பேச வேண்டியவன் வரவே இல்லை.

கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வரும். அண்ணிக்கு முன்னால் வந்ததும் தட்டைப் பிடித்திருக்கும் பெண்ணின் கை ஒரு கணம் நிற்கும். கொடுத்தால் அபசகுனமோ, கொடுக்காவிட்டால் பாவமோ என்று அவளுக்குக் குழப்பம். பிறகு அடுத்தவளிடம் நகர்ந்துவிடும். அண்ணியே கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சுமங்கலிகள் கூட்டத்திலும் இடமில்லை, மற்றவர்கள் கூட்டத்திலும் இல்லை. முப்பத்து நாலு வயதில் தையல் மெஷின் ஒன்றுதான் துணை.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து, ஜவுளிக்கடை சிஹாபுதீன் பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வியாபாரத்துக்காக அடிக்கடி பாங்காக் போகிறவர். காஞ்சனபுரிப் பக்கம் தேக்கு வெட்டும் கூப்பில் யானை ஓட்டும் ஒரு தமிழனைப் பார்த்தாராம்.

"நான் மலாக்கான்னு சொன்னதும் மனுசன் யானையை நிறுத்திட்டாரு. அப்புறம் மெதுவா, காஜா பெராங்ல அந்தப் பிள்ளையார் கோயில் இருக்கான்னு கேட்டாரு. பேரு கேட்டேன், சொல்லல. போய்ப் பாரு சுப்பையா. நான் பார்த்தது உங்க அண்ணன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அண்ணியிடம் சொன்னபோது அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தாள். "இருந்தா இருக்காருன்னு சொல்லுங்க தம்பி. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு எனக்கு வேணும்" என்றாள். வழிக்குப் பொருவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அண்ணனுக்கென்று எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

ஆர்மிக்காரன் ஏலத்தில் விட்ட முதுகுப்பை ஒன்று, புது நாட்டின் புது பாஸ்போர்ட், இரண்டு சட்டை. தம்பினில் ரயில் ஏறி, பிறை, ஹாட்யாய், பாங்காக் என்று நாலு நாள் உட்கார்ந்தே போனேன். ஹாட்யாய்க்கு அப்பால் என் மலாய் செல்லவில்லை, ஆங்கிலமும் செல்லவில்லை. சோறு வேண்டுமென்றால் வாயைக் காட்டினேன். தூங்க இடம் வேண்டுமென்றால் கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். மூன்றாவது நாள் என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. ஒரு ஸ்டேஷனில் யாருமில்லாத பெஞ்சில் உட்கார்ந்து, "சுப்பையன், காஜா பெராங்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் சொன்னேன்.

காஞ்சனபுரியிலிருந்து இன்னொரு ரயில். ஆற்றை ஒட்டி மரச்சட்டங்களின் மேல் ஊர்ந்து போயிற்று. இந்தக் கட்டைகளில் எதையாவது அண்ணன் சுமந்திருப்பான் என்று நினைத்ததும் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ரயில் நின்ற இடத்தில் கரேன் மலைச்சாதியில் ஒரு வழிகாட்டி கிடைத்தான். அவனோடு இரண்டு நாள் காட்டு நடை. நம் ஊரில் பத்து வருஷமாகக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம்; காட்டுப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலே போலீஸ் வந்துவிடும். எனக்குக் காடே புதிது. மூங்கில், சேறு, மறுபடியும் மூங்கில். காலுறைக்குள் அட்டை. வழிகாட்டி முன்னால் நடந்துகொண்டே இருப்பான், திரும்பிப் பார்க்க மாட்டான். நான் விழுந்தால் சத்தம் கேட்டு நிற்பான். எழுந்துவிட்டேன் என்று தெரிந்ததும் மறுபடி நடப்பான்.

இரண்டாம் நாள் பிற்பகல் கூப்பு வந்தது. ஓடையோரம் ஏழெட்டுக் குடிசைகள். நாலு யானைகள் சங்கிலியில் மரங்களை இழுத்து ஓடையில் தள்ளிக்கொண்டிருந்தன. கடைசி யானையின் கழுத்தில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் அப்பாவின் முகம். அவன் இறங்கவில்லை. மரத்தைத் தள்ளி முடித்து, சங்கிலியை அவிழ்த்த பிறகுதான் இறங்கி வந்தான்.

"சுப்பையாவா?" என்றான். என் மீசையைத் தொட்டுப் பார்த்தான். "அம்மா?"

"போயிட்டா. ஆறு வருஷமாச்சு."

அவன் தலையை ஆட்டினான். குடிசை வாசலிலிருந்து ஒரு பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை, கைலியைப் பிடித்தபடி இன்னொன்று. நான் கேட்க வந்த கேள்வி எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள்தான் எனக்குச் சோறு போட்டாள். நல்ல பெண். அதுவும் எனக்குக் கோபமாக வந்தது.

கூப்பு யானைகளை வேலை முடிந்ததும் முன்கால்களில் சங்கிலி பூட்டிக் காட்டில் மேய விட்டுவிடுவார்கள். விடிந்ததும் ஓட்டுகிறவன் போய்த் தேடிக் கொண்டுவர வேண்டும். யானையின் கழுத்தில் தேக்கு மணி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். அவனவன் மணி அவனவனுக்குத் தெரியும். மறுநாள் காலை அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு போனான். வீட்டில் பேச முடியாததை அங்கே பேசலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் மணிச்சத்தத்தைத் தேடியே நடந்தோம்.

"வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாளா?" என்றான் கடைசியில்.

"இல்ல."

"பொட்டு?"

"வச்சிருக்காங்க. உன் பேருக்கு."

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். காலரா வந்த கேம்ப்பிலிருந்து தப்பித்து ஓடியதையும், இந்தப் பெண்ணின் அப்பா தூக்கிக்கொண்டு வந்து பிழைக்க வைத்ததையும் சொன்னான். தமிழ் வார்த்தைக்குத் தேடித் தேடி நின்றான். "வந்துடணும்னுதான் இருந்தேன். முதல் வருஷம் ஒடம்பு முடியல. அடுத்த வருஷம் இவ இருந்தா. அப்புறம் எந்த மூஞ்சியோட வர்றது?"

"பதினஞ்சு வருஷம் அண்ணா. ஒரு கடுதாசி?"

"என்னன்னு எழுத?"

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம் பதினாறு வயதுக்காரனாகி அவன் தோளில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன். தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது. அவன் எழுந்தான்.

"செத்துட்டான்னு சொல்லிடு சுப்பையா. காரியத்தை நீயே பண்ணிடு. அவளாவது ஒரு பக்கமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனான். அன்றைக்கே நான் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வரும் ஏழு நாளும் பொய்யைச் செதுக்கிக்கொண்டே வந்தேன். எந்த கேம்ப், என்ன நோய், யார் பக்கத்தில் இருந்தது, எங்கே புதைத்தது, பாய் பார்த்த ஆள் யார் என்று எல்லாம் தயார். சொன்னவனும் நான், கேட்டவனும் நான். பாடாங் பெசார் எல்லையைத் தாண்டும்போது எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அண்ணி நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள். அழவில்லை.

"கூட இருந்தவரு சொன்னாரா?"

"ஆமா அண்ணி. பாய் பார்த்தது அவரைத்தான். அண்ணன்தான் அவருக்கு நம்ம தெருவைப் பத்திச் சொல்லியிருக்கு. கடைசித் தண்ணி அவர்தான் குடுத்தாராம்."

"என்ன திதி?"

 செத்தவனுக்குத் திதி வேண்டும். திதி இல்லாமல் பண்டாரம் காரியத்தில் உட்காரவே மாட்டார். வருஷா வருஷம் எந்த நாளில் படைப்பது? நம் வீடுகளில் சாவுச் செய்தி வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். ஏழு நாள் யோசித்த எனக்கு இது தோன்றவில்லை.

"தை அமாவாசை" என்றேன். "நாப்பத்து நாலு."

அவள் என்னைப் பார்த்தாள். "அந்தக் காட்டுல, காலரா கேம்ப்ல, கூட இருந்தவரு அமாவாசை பார்த்து வச்சிருந்தாரா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"சரி" என்றாள். "தை அமாவாசையே இருக்கட்டும்."

புரட்டாசி அமாவாசையன்று கிளேபாங் கடற்கரையில் காரியம். பிணத்துக்குப் பதிலாக ஈர மணலில் பண்டாரம் தருப்பைப் புல்லில் ஓர் ஆளை முடைந்து வைத்தார். தெருவிலிருந்து இரண்டு கிழவிகள் தாலியை வாங்கிப் பாலில் போடுவதற்காக வந்திருந்தார்கள். என் மீசையை எடுத்தாயிற்று. கடல் காற்று மேலுதட்டில் பட்டபோது கூச்சமாக இருந்தது. பண்டாரம் என் உள்ளங்கையில் எள்ளை வைத்து, "அண்ணன் பேரைச் சொல்லித் தண்ணி விடுப்பா" என்றார்.

பேர் வரவில்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டு அவன் இறங்கி வந்ததும், என் மீசையைத் தொட்டதும்தான் கண்ணில் நின்றது. உயிரோடு இருப்பவனுக்கு எப்படி எள் இறைப்பது?  பண்டாரம், கரையில் வைத்த பானையை அலை தொடுகிறதே என்று எடுத்து வைக்கப் போனார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி கடலைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"எத்தனை பிள்ளைங்க, தம்பி?"

பதினைந்து வருஷம் அவள் போட்ட சோற்றைத் தின்றவன் நான். அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு."

"நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

அவள் தலையை ஆட்டினாள். நான் எள்ளைக் கீழே போட்டுவிட்டு எழுந்திருக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்கு முன் அவள் என்னைத் தொட்டதே கிடையாது.

"உக்காருங்க. அவருக்காக இல்ல, எனக்காகப் பண்ணுங்க. நான் காத்துக்கிட்டு இருக்கறதை முடிச்சு விடுங்க தம்பி."

பண்டாரம் வந்தார். நான் பேரைச் சொன்னேன். அப்பா பேரையும் சொன்னேன். மூன்று தரம் தண்ணீர் விட்டேன். எள் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது. கழுவிக் கழுவி விட்டேன். கிழவிகள் தாலிக்குக் கை நீட்டும் முன்பே அண்ணி தானே கழற்றிப் பாலில் போட்டுவிட்டு, அவர்களைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கினாள்.

என்னால்தான் தாங்க முடியவில்லை. மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒரு கிழவி வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழுவு ராசா, கூடப் பொறந்தவன் இல்லையா. எந்தக் காட்டுல தனியாக் கெடந்து செத்தானோ" என்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.