மடையில் போட்ட சம்மணம்

எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கு உப்புதான் காரணம் என்றார் டாக்டர். கோவிந்தராசுதான் காரணம் என்பது எனக்குத் தெரியும், கண்ணுகளா.

கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், நில உச்சவரம்புச் சட்டத்தில் வாங்கிய நிலம் எங்களுடையது. வாய்க்காலின் கடைசி வயல். அவன் வயல் எங்களுக்கு மேலே. என் முறைத் தண்ணீர் வரும் நாளில்தான் அவன் மடை தானாகத் திறந்துகொள்ளும். நான் கத்துவேன். கொதிப்பு ஏறும்.

"சத்தம் போடாம யோகா பண்ணுங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வாய்க்கால் கரையிலிருந்த மகளிர் குழுக் கட்டடத்தில் வகுப்பு. மன்னார்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் மங்களாம்பிகை டீச்சர்.

அன்று என் முறை. கதிர் பால் பிடிக்கும் சமயம். அன்றைக்கு நனையாவிட்டால் அத்தனையும் பதர். காலையில் போய் என் மடையைத் திறந்துவிட்டு, பெரிய ஞானிபோல வகுப்பில் வந்து படுத்தேன்.

"கண்ண மூடுங்கம்மா. நெனப்பு வரும். வாய்க்கா தண்ணி மாதிரி அது பாட்டுக்குப் போவட்டும்."

"யாரு வயலுக்கு?" என்றேன்.

பக்கத்தில் படுத்திருந்த பொன்னுத்தாய் சிரித்தாள். "காளியம்மாக்கா, மூச்ச மட்டும் பாருங்க."

பார்த்தேன். ஆனால் காது வெளியே இருந்தது. வாய்க்காலின் சலசலப்பு இளைத்துக்கொண்டே வந்தது.

எழுந்து ஓடினேன். விரிப்பும் கையோடு வந்துவிட்டது. கோவிந்தராசுவின் மடை வாயைப் பிளந்து குடித்துக்கொண்டிருந்தது. அடைக்க மண்வெட்டி இல்லை. விரிப்பைச் சுருட்டித் திணித்தேன், அது மிதந்தது. அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"யக்கா, எந்திரிங்க. அசிங்கமா இருக்கு" என்று ஓடி வந்தான் கோவிந்தராசு.

"பேசாத. மூச்சப் பாக்குறேன்."

"ஆம்பளையா இருந்தா தூக்கிக் கரையில போட்டுருப்பேன்!"

"தெரியும்டா. அதான் எங்க வீட்டுக்காரர அனுப்பல."

வகுப்பே கரையில் வந்து நின்றது. "முதுக நேரா வைங்கம்மா" என்றார் டீச்சர். அவர் கவலை அவருக்கு.

நண்டு ஒன்று தொடையைக் கவ்வியது. அசையவில்லை. மனம் அப்படி ஒரே இடத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பொன்னுத்தாய் என் வயலிலிருந்து கத்தினாள். "யக்கா, கடைசி வரப்பு வரைக்கும் நனைஞ்சுருச்சு!"

மெதுவாக எழுந்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கோவிந்தராசுவைத் திட்டினேன். மூச்சு மிக நன்றாக வந்தது.