குருவுக்குச் சமர்ப்பணம்

ஆற்றுத் தண்ணீரில் ஈயத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்காக ஜேர்மனியில் ஆறு வருஷம் மண்டையை உடைத்தவள் நான். விருது அறிவித்திருப்பது என்னை அங்கே வேலைக்கு வைத்திருந்த பேராசிரியருக்கு. அறிவிப்பில் அன்ரனெற் என்ற என் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. அங்கே கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு ஆறு வருஷம் தற்காலிக வேலை தருவார்கள். அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஆராய்ச்சிச் சுதந்திரம் என்று மேடைக்கு மேடை முழங்குவார்கள். யாருடைய சுதந்திரம்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு, றெமிஜியஸ் அண்ணையிடம் வந்தேன். இப்போது விட்பியில் ஓர் ஆய்வுகூடத்தில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிறேன்.

மனம் பொறுக்காமல் பேராசிரியருக்கு எழுதினேன். விருது விழாப் பேச்சில் என் பெயரை ஒருமுறை சொல்லுங்கள், போதும் என்று கேட்டேன். 'என் குழுவினர்' என்று சொல்லும்போது நானும் அதற்குள் அடக்கமாம். நாசமாய்ப் போக!

அதற்குள் அண்ணை வேலையைக் காட்டிவிட்டார். இணையத்தில் செய்தியைப் பார்த்ததும், நான் டெலிபோனில் வருஷக்கணக்காக அலட்டிய அதே ஈயம்தான் என்று கண்டு, தமிழ்ப் பத்திரிகையில் என் படத்தோடு முழுப்பக்க வாழ்த்துப் போட்டார். வோபர்னில் பாராட்டு விழாவுக்கு மண்டபமும் எடுத்தாயிற்று.

“அண்ணை, விருது எனக்கில்லை.”

“விசர்க்கதை கதையாதை. வேலை செய்தது நீதானே?”

“ஓம்.”

“பிறகென்ன?”

இவ்வளவு காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனுஷன் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் விழாவுக்குப் போனேன்.

எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் அருள்நாயகம் பொன்னாடை போர்த்தினார். சனம் கைதட்டக் கைதட்ட உடம்பெல்லாம் கூசியது. மைக்கைப் பிடித்தேன்.

“இந்த விருது எனக்கில்லை. என்ரை பேராசிரியருக்குத்தான்...”

அருள்நாயகம் மைக்கைப் பறித்தார்.

“பாத்தியளே! கிடைச்ச விருதைத் தன்ரை குருவுக்கே சமர்ப்பிக்கிறா! இதுதான் எங்கடை பண்பாடு!”

மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. “ஐயோ, அப்பிடியில்லை” என்று நான் கத்தியது யாருக்குக் கேட்டது?

அண்ணை அதோடு விட்டாரா? விழா வீடியோவை அடியில் ஆங்கில மொழிபெயர்ப்புப் போட்டுப் பேராசிரியருக்கு அனுப்பினார். மறுநாளே எனக்குப் பதில் வந்தது. கண் கலங்கிவிட்டாராம். விழாப் பேச்சில் என் பெயரைக் கட்டாயம் சொல்வாராம், நன்றி மறவாத மாணவி என்று.

நான் அந்த ஆளிடம் ஒருநாளும் படித்ததில்லை.