மாஸ்ரர் விளக்கு

நமசிவாயம் மாஸ்ரருக்கு ஒரு தாடி வைக்கலாமோ என்று அவருடைய மகன் கேட்டான். மாஸ்ரர் செத்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. சவரம் செய்யாமல் ஒரு நாளும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர் என்று சற்று முன்புதான் அவனே எனக்குச் சொல்லியிருந்தான். இப்போது என் கதிரைக்குப் பின்னால் நின்று, திரையில் இருந்த தகப்பனின் அடையாள அட்டைப் படத்தையும் பக்கத்துப் படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உவையளுக்கெல்லாம் இருக்கல்லோ. அப்பா மட்டும் வெறுமையா நிக்கிறார்" என்றான்.

உவையள் என்று அவன் சொன்னது வெள்ளைக்காரர்களை. தந்தி, தொலைபேசி, தையல் மெசின், டைனமைற்று கண்டுபிடித்தவர்கள். ஒரு காலத்தில் செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த முகங்கள். கன்னம் முழுக்க மெல்லிய கோடுகள், கழுத்தில் துணி, நெஞ்சுவரை தாடி. கிறிஸ்ரி அண்ணை எங்கேயோ ஒரு பழைய மிஷன் நூலகத்தைக் கழித்துக் கட்டியபோது தூக்கிவந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்திலிருந்து இவற்றைப் பிரதி எடுத்து, "பெரியாக்கள்" என்று பெயரிட்டுக் கணினியில் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய அச்சகத்துக்குச் சோறு போடுகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பெரியாக்கள்தான். மற்றப் பாதி, செத்தவர்கள்.

சைவ ஆட்கள் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். அதைக் கல்வெட்டு என்பார்கள். செத்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, புலம்பல் பாட்டு, தேவாரம் எல்லாம் போட்ட பிறகும் பக்கங்கள் மிஞ்சும். மெல்லிய புத்தகம் கொடுத்தால் மெல்லிய குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் அந்தப் பக்கங்களைப் பொது அறிவால் நிரப்புவோம். யார் எதைக் கண்டுபிடித்தார், எந்த வருடம், பக்கத்தில் ஒரு படம். பெயர் அழிந்துபோன ஒரு துரை எங்களிடம் இருந்தார். அவரை ஒரு கல்வெட்டில் குடைக்கும் இன்னொன்றில் வெப்பமானிக்கும் போட்டோம். ஒரு சனமும் கேட்கவில்லை. நாங்கள் குருநகரில் கடல்தொழில் செய்கிற வேதக்காரர், எங்களுக்கு இந்த வழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நாலு வருடம் வரலாறு சிறப்புப் பட்டம் படித்துவிட்டு, வேலை கேட்டு அரசாங்கக் கச்சேரி வாசலில் வெயிலில் குந்தியிருந்து, கடைசியில் ஊர்பேர் தெரியாத செத்த ஆட்களுக்கு "கல்விமான், கொடையாளி, அன்பின் திருவுருவம்" என்று தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். அம்மா சந்தையில் பாரை மீன் வெட்டிக்கொண்டே மகள் புத்தகம் எழுதுகிறாள் என்று சொல்லித் திரிந்தா.

மகன் சிவகரன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். மற்ற வீட்டுக்காரரைப் போலப் பொது அறிவைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ள அவனுக்கு விருப்பமில்லை. தகப்பனும் ஒரு கண்டுபிடிப்பாளர். ஆகவே அவரையும் பெரியாக்களோடு சேர்த்து, அதே கோட்டுச் சித்திரமாக்கி, கீழே விளக்கத்தோடு நடுப்பக்கத்தில் போட வேண்டும். விளக்கத்தை அவனே எழுதி வந்திருந்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் குடாநாடே இருண்டு கிடந்தபோது அமரர் அவர்கள் கண்டுபிடித்த மாஸ்ரர் விளக்கு. எல்லாரும் ஜாம் போத்தலில் திரி விட்டு எரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊசிமருந்துக் குப்பியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு, ஒரு மூடி எண்ணெயில் விடியும்வரை எரியும் விளக்கை அவர் செய்தார். குப்பியைச் சுற்றிப் பால்மா ரின்னிலிருந்து வெட்டிய தகடு ஒன்று. ஒளியை ஒரே பக்கமாகக் குவிக்கும் விஞ்ஞான நுட்பம். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பெரிய ஆளானார்கள்.

தாடி வைக்கவில்லை. கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன். பழைய அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருந்த மனிதர், கோடுகளுக்குள் போனதும் ஏதோ தூரத்து உண்மையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் போலானார். முறைப்பை ஞானமாக்க ஒரு பொத்தான் போதும்.

ஒப்பு நோக்குகிற பிரதியைத் தென்மராட்சியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். வம்சாவளியில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்தியேட்டிச் சாப்பாட்டில் சண்டை வரும், அதனால் வீட்டில் மூத்த ஒருவர் வாசித்துச் சரி சொல்ல வேண்டும். மாஸ்ரரின் மனைவி சிவக்கொழுந்து சாவுத் துடக்கில் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. சிவகரன் சாமான் எடுக்கச் சாவகச்சேரிக்குப் போயிருந்தான். அவன் மனைவி உதயகலா என் ஊரை விசாரித்துவிட்டு எனக்குக் கடதாசிக் கப்பில் தேத்தண்ணி தந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கண்ணாடிக் கோப்பை. எனக்கு அது புதிதில்லை. குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கி அவள் கண்ணுக்கு முன்னாலேயே கொல்லைப் பக்கம் எறிந்தேன்.

சிவக்கொழுந்து அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பக்கம் பக்கமாக வாசித்தார். பெயர்களில் ஒரு பிழையும் இல்லை என்றார். நடுப்பக்கத்தில் நின்றுவிட்டார். விரலை ஒரே வரியில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயசைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"குவிக்கிறதோ? உது மறைக்கிறதுக்கு வைச்ச தகடு, பிள்ளை."

"ஆருக்கு மறைக்க?"

"அவருக்குத்தான்."

நான் சொல்லுங்கோ என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். சமையலுக்கு உப்புப் போதுமோ என்று கேட்கிற குரலில் சொன்னார். மூத்தது பெண்பிள்ளை, பிறந்ததிலிருந்தே மூச்சு முட்டு. இரவில் நெஞ்சு ஏறி இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும், இருட்டில் எப்படிப் பார்ப்பது. மாஸ்ரர் மண்ணெண்ணெய்ப் போத்தலில் கரியால் கோடு போட்டு வைத்திருப்பார், அது அவர் கொப்பி திருத்துவதற்கு. சிவக்கொழுந்து அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு மூடி எடுத்துக்கொண்டு, கோட்டளவுக்குத் தண்ணீர் விட்டு வைத்தார். தண்ணீர் அடியில் போய் நின்றுகொள்ளும், எண்ணெய் மேலே மிதக்கும், பார்வைக்குப் போத்தல் குறையாது. ஆசுப்பத்திரியில் எறிந்த குப்பி ஒன்றும் கொழுந்தனின் சைக்கிள் வால்வும் விளக்காயின. வெளிச்சம் மாஸ்ரரின் படுக்கைப் பக்கம் போகாமல் இருக்கத் தகட்டை வளைத்து வைத்தார். போத்தலின் அடி வந்து, எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் விழுந்த அன்று பிடிபட்டார்.

"அண்டைக்கு அடிச்ச அடியிலை உந்தக் காது போட்டுது. அடிச்சிட்டு, குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்."

"பிள்ளை?"

"அது அதுக்கு முதலே போட்டுது."

அப்படியானால் குழந்தை செத்த பிறகும் விளக்கை ஏன் எரித்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. வம்சாவளியைப் பார்த்தேன். சிவகரன்தான் மூத்த பிள்ளை என்று இருந்தது.

நான் எழும்பும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உதயகலா குசினிக்குள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார்.

"'அவரும் மனைவியாரும்' எண்டு போடேலுமே? ஒரு சொல்லுத்தான். வேறை ஒண்டும் வேண்டாம். ஆரும் கவனிக்கமாட்டினம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பக்கத்தையே மடியில் விரித்து வைத்திருந்தேன். ஒரு சொல். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு காது கேளாமல் இருந்துவிட்டு ஒரு சொல் கேட்கிறார், அதையும் ஒருவரும் கவனிக்காதபடி. கண்டுபிடிப்புகளின் வரலாறு என்று நாங்கள் அச்சடித்த அத்தனை தாடிகளுக்குப் பின்னாலும் எத்தனை பேர் போத்தலுக்குத் தண்ணீர் விட்டார்களோ என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் சான்று, மூலம், மௌனிக்கப்பட்ட குரல் என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். ஒரு சொல்லைச் சொருகிவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. சிவகரன் கையெழுத்து வைத்த விளக்கத்தை அழித்தேன். அதே நீளத்துக்குப் புதிதாக எழுதினேன். இந்த விளக்கைக் கண்டுபிடித்தவர் திருமதி சிவக்கொழுந்து நமசிவாயம். தகடு ஒளியைக் குவிக்க அல்ல, கணவரிடமிருந்து மறைக்க. கரிக்கோடு, தண்ணீர், அடி, காது. எல்லாம் போட்டேன். இடம் காணாமல் போனதால் எழுத்தைச் சிறிதாக்கினேன். கிறிஸ்ரி அண்ணை படங்களை மட்டும் பார்ப்பார், வாசிக்கமாட்டார். புத்தகங்கள் கட்டி முடிந்து, வான் வண்டியில் ஏறிப் போயின.

அந்தியேட்டிக்கு முதல்நாள் காலையில் தொலைபேசி வந்தது. கிறிஸ்ரி அண்ணை "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று நெடுநேரம் சொல்லிக்கொண்டு நின்றார். வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தபோது கோபத்தைவிடக் களைப்புத்தான் முகத்தில் தெரிந்தது.

"உனக்கு ஆர் பிள்ளை வரலாறு எழுதச் சொன்னது?"

திரும்ப அச்சடிக்க நேரமில்லை. விளக்கம் இருந்த இடத்தின் அளவுக்கு ஒரு பெரியாளின் படத்தை அச்சடித்து, வெட்டி, ஒவ்வொரு புத்தகத்திலும் மேலே ஒட்ட வேண்டும். யாருடைய படம் என்று தொலைபேசியில் கேட்டதற்கு, ஆராவது ஒராள் என்று சிவகரன் சொல்லியிருக்கிறான். பாலைக் கெடாமல் காக்க வழி கண்டவரைக் கிறிஸ்ரி அண்ணை தெரிவுசெய்தார், அவர் அளவுக்குச் சரியாக இருந்தார். துண்டுகளைப் பையில் போட்டு என்னிடம் தந்து, போய் ஒட்டிக் கொடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகச் சொன்னார். இனி வர வேண்டாம் என்பதை அவர் சொல்லவில்லை. என் சோற்றுப் பெட்டியையும் அதே பைக்குள் வைத்திருந்தார்.

வீட்டு விறாந்தையில் புத்தகங்கள் அடுக்கிக் கிடந்தன. முற்றத்தில் சமையல் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிவகரன் சத்தம் போடுவான் என்று நினைத்து, பதிலெல்லாம் பஸ்ஸிலேயே தயாரித்து வைத்திருந்தேன். அவன் சத்தமே போடவில்லை. தாயைக் கூப்பிட்டு என் முன்னால் இருத்தினான்.

"அம்மா, உவளுக்கு நீங்களோ உதுகளைச் சொன்னனீங்கள்?"

அவர் நல்ல காதைத் திருப்பினார்.

"காணியை வித்திட்டு உங்களை ஹோமிலை விடுவம் எண்டு உதயகலா சொல்லுறா. நான்தான் மறிச்சுக்கொண்டு நிக்கிறன். சனத்துக்கு முன்னாலை அப்பாவை உரிஞ்சுவிட்டால் நான் ஏன் மறிக்க வேணும்? நீங்களே சொல்லுங்கோ."

சிவக்கொழுந்து அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்புக் கேட்கிற எதையும் நான் காணவில்லை. சந்தையில் பழுதான மீனைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. உந்தப் பிள்ளை தானாக் கதை கட்டிப்போட்டுது. விளக்கு உங்கடை அப்பான்ரை."

சிவகரன் தலையாட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, மிக மரியாதையாக, "நீர் எந்த இடம்?" என்று கேட்டான். குருநகர் என்றேன். அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். "அதுதானே" என்றான். எழும்பிக் கிடாரத்துக்கு அருகில் போய்விட்டான்.

நான் பையைத் திறந்து துண்டுகளை எடுத்தேன். சிவக்கொழுந்து அம்மா கோதுமை மாப் பசை காய்ச்சி ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருந்தார். என்னை ஒட்ட விடவில்லை. தான் ஒட்டுவதாகவும், என்னைப் புத்தகத்தை விரித்து மட்டும் தரும்படியும் சொன்னார். நேர்த்தியான கை. பசையை ஓரங்களுக்குப் பூசி, துண்டை நேராக வைத்து, காற்று நிற்காமல் பெருவிரலால் அந்த மனிதரின் நெற்றியிலிருந்து தாடிவரை வழித்தார். அடுத்ததை விரித்துக் கொடுத்தேன். அடுத்ததையும் கொடுத்தேன். பிறகு வந்ததை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அம்மா பொய் சொன்னனீங்கள்? நான் உண்மையைத்தானே எழுதினன்."

"நான் ஒரு சொல்லுத்தானே கேட்டனான்."

"ஒரு சொல்லு போட்டிருந்தால் ஒருத்தரும் கவனிச்சிருக்கமாட்டினம்."

"ஓம். நான் கவனிச்சிருப்பன்."

பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உனக்கு இண்டைக்குப் போறதுக்கு ஒரு வீடு இருக்கு. கோவிச்சுக்கொண்டு போகலாம். போ, பஸ் போயிடும்."

நான் போகவில்லை. வேலை முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முற்றத்தில் யாரோ தேங்காய் துருவத் தொடங்கினார்கள். உதயகலா வந்து எட்டிப் பார்த்து, மாமி, வடிவாக மறையுதோ என்று பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். மெல்லிய தாள் அது, கிறிஸ்ரி அண்ணை மலிவில் வாங்கி வைத்திருந்தது. சிவக்கொழுந்து அம்மா ஒட்டி முடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் நிமிர்த்தி, யன்னலால் விழுந்த வெயிலுக்கு எதிரே பிடித்தார். வெள்ளைக்காரரின் நெற்றியூடாக என் சின்ன எழுத்துகள் எறும்பு வரிசையாகத் தெரிந்தன. கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மடியில் வைத்து, இன்னொரு துண்டை எடுத்து, பசை தடவி, அந்த முகத்துக்கு மேலேயே ஒட்டினார்.