கொழுந்தனின் கைகள்

கோமான் லான்பிராங்கோவின் இரண்டு கைகளும் அவருடைய அண்ணி பெர்லெந்தாவின் உள்ளங்கைகளுக்கு நடுவே மூன்று ஆண்டு, நான்கு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தன. உப்பு விலை ஏறிய ஆண்டில் இது தொடங்கியது. எங்கள் ரொக்காவெர்னாவை ஆண்ட மார்க்கி, லான்பிராங்கோவின் அண்ணன், விலாங்கு மீனை அளவில்லாமல் தின்று இறந்துபோனார். ஏழு மாதக் குழந்தை உகோ வாரிசானான். அவன் வளரும்வரை அவன் சார்பில் ஆள, தாய் பெர்லெந்தா அமர்ந்தார். வழக்கப்படி பிரபுக்கள் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். யார் முதலில் பணிவது என்ற தள்ளுமுள்ளில் இரண்டு பேருக்கு மூக்கு உடைந்தது. மயிலிறகுத் தொப்பியோடு கடைசியாக வந்த லான்பிராங்கோ, குழந்தையை உயிர்போலக் காப்பேன் என்று சொல்லிவிட்டு எழப் பார்த்தார். கை வரவில்லை.

"விடுங்க அண்ணி."

"நான் எங்க தம்பி புடிச்சிருக்கேன்?"

தேவாலயத்து ஆயர் லத்தீனில் ஓதி ஆலிவ் எண்ணெய் ஊற்றினார், எண்ணெய்தான் செலவானது. பொலோஞா நகரத்திலிருந்து வந்த வைத்தியர் மணிக்கட்டோடு வெட்டிவிடலாம் என்றார். "யாரு மணிக்கட்டு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டதும் கோவேறு கழுதை ஏறிப் போய்விட்டார். இதற்கிடையே ஆற்றங்கரைத் தோப்பில் இருநூறு குதிரை வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். லான்பிராங்கோ மாடத்தில் நின்று வலது கையைத் தூக்கியதும் கோட்டைக்குள் புகுந்து குழந்தையைக் கொன்றுவிடுவது என்று ஏற்பாடு. கை உயரவேயில்லை. ஒன்பதாம் நாள் ரொட்டி தீர்ந்து, ஊருக்குள் வந்து திராட்சை பறிக்கும் வேலை கேட்டார்கள். விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. மறு ஆண்டுப் பிரமாணத்துக்குக் கையுறை அணிய அனுமதி கோரி மற்ற பிரபுக்கள் நீண்ட விண்ணப்பம் எழுதினார்கள்.

சதி அம்பலமானபோதுகூட அழாத பெர்லெந்தா, பிள்ளை அழுதபோது அழுதார். "எம் புள்ளையத் தூக்கக்கூட கையில்லாமப் பண்ணிட்டீங்களே, பாவி!" லான்பிராங்கோ தரையைப் பார்த்தார். சமையற்காரி ஜில்யா குழந்தையைக் கொண்டுவந்து, நீண்டிருந்த நான்கு கைகளின் மேல் கிடத்தினாள். உடனே தூங்கிவிட்டான். அதன்பிறகு வேறெங்கும் தூங்க மறுத்தான்.

ஆட்சி இப்படியே நடந்தது. இருவரின் படுக்கைக்கும் நடுவே ஒரு திரை. கைகளுக்கு மட்டும் அதில் ஓட்டை. அளவெடுத்து வெட்டியவர் ஆயரே. ஜில்யா இருவருக்கும் ஊட்டினாள். "வாயத் தொறங்க பிரபுவே. கோட்டையவே முழுங்க வந்தவருக்குப் பார்லிக் கஞ்சி எறங்கலியா?" வரப்புத் தகராறு, ஆலைத் தண்ணீர்த் தகராறு எல்லாவற்றுக்கும் பெர்லெந்தா தீர்ப்புச் சொல்வார். உகோ தூங்கும்போது வழக்காடுபவர்கள் குரலை உயர்த்தினால் முறைப்பவர் லான்பிராங்கோ.

நான்காம் தவக்காலத்தில், ஒரு புதன்கிழமை மதியம், பிரபுக்கள் சபை பாலம் கட்டுவதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது. கைகள் தாமாகப் பிரிந்தன. இருவரும் பார்த்தார்கள். கால்கள் நீண்டு முழங்கைக்கு வெளியே தொங்க, உகோ வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"விட்டுருச்சு தம்பி," என்றார் பெர்லெந்தா, மெதுவாக. "நீங்க இனிமே போகலாம்."

"சும்மா இருங்க அண்ணி. இப்பத்தான் அசந்தான்."

பாலத்தைக் கல்லில் கட்டுவதென்று அன்று முடிவாயிற்று.