இரண்டே ரக்அத்

உமர் பாரூக்கின் காரில் தொழுகை விரிப்புகள் மட்டும் மூன்று இருந்தன. ஒன்று மக்காவிலிருந்து வந்தது; அழுக்காகிவிடும் என்று அதை இதுவரை விரித்ததில்லை. செல்போனில் தொழும் திசையான கிப்லாவைக் காட்ட ஒரு செயலி, தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்ல ஒரு செயலி. போதாததற்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவுக்கு ஓர் உபதேசம். அன்றைக்கு அனுப்பியது: "பயணம், தொழுகையை விடுவதற்குச் சாக்கு அல்ல." நாற்பத்து மூன்று பேர் மாஷா அல்லாஹ் போட்டிருந்தார்கள்.

அவர் மனைவி ரம்லா போடவில்லை. பயணத்தின் லட்சணம் அவளுக்குத் தெரியும். வழியில் பள்ளிவாசல் வரும். அவர் இறங்கிப் போய்த் தொழுதுவிட்டு முகம் மலரத் திரும்புவார். பெண்களுக்கு அங்கே இடம் இருக்காது. அவள் காரில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்வாள். போன மாதம் ஒட்டன்சத்திரம் போனபோது அப்படித்தான் மாலைநேர அசர் தொழுகை போயிற்று. பைக்குக் காவல் இருந்தால் என்ன நன்மை என்று எந்த மார்க்கக் கிதாபிலும் போடவில்லை. வாரம் முழுக்க அவளுக்கு மனம் ஆறவில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்றுதான் கிளம்பியிருந்தாள்.

ஈரோட்டில் கல்யாண விருந்து முடிந்து கோவைக்குத் திரும்பும்போது, செங்கப்பள்ளி தாண்டி ஒரு பேக்கரியில் டீக்கு நிறுத்தினார். மணி ஐந்தரை.

"ஏனுங்க, அசர் போயிருமுங்க."

"அவிநாசிகிட்டப் புதுப் பள்ளிவாசல் இருக்குது. கார் நிறுத்த எடம், கை கால் கழுவி ஒளுச் செய்ய வெந்நீர்க் குழாய், எல்லாம் உண்டு."

"பொம்பளைங்களுக்கு எடம் இருக்குதுங்களா?"

"நீ ஊட்டுக்குப் போய்க் கலா பண்ணிக்க, விட்டதை அப்பறமாத் தொழுதுக்கலாம். பயணத்துல நாலு ரக்அத்து ரெண்டாக் கொறையுது. விட்டுப்போனாலும் ஊட்டுல அதே ரெண்டே ரக்அத்துதான். மார்க்கம் லேசு."

லேசு அவளுக்கு, வெந்நீர் அவருக்கு. ரம்லா எழுந்து கல்லாவில் இருந்த கடைக்காரம்மா காளியாத்தாளிடம் போனாள்.

"அக்கா, தொழுகறதுக்கு அஞ்சு நிமிசம் எடம் கெடைக்குமுங்களா?"

"அதுக்கென்ன அம்மணி, மாவு மூட்டை வெக்கிற ரூம்பு இருக்குது. கூட்டிப்போட்டுத் தாரேன். எந்தப் பக்கம் பாத்து நிப்பீங்க?"

"மேக்கங்க."

"அப்ப அந்த பன் தட்டை நகத்தோணும்" என்று காளியாத்தாள் விளக்குமாற்றோடு உள்ளே போனாள்.

ரம்லா கணவரையும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"மாவு மூட்டைக்கு நடுவுலயா? ஜமாஅத்தோட, கூட்டாத் தொழுதா இருபத்தேழு மடங்கு நன்மை, தெரியுமில்ல?"

அந்தப் பள்ளியில் அசர் ஜமாஅத் முடிந்து நேரமாகியிருக்கும் என்பதை அந்த இருபத்தேழு மடங்கு மறைத்துவிட்டது. "அவிநாசியில் அசர், இன்ஷா அல்லாஹ்" என்று குழுவில் போட்டுவிட்டு இரண்டாவது டீ சொன்னார்.

உள்ளே, பன் வாசனைக்கு நடுவில் நின்று, குனிந்து, முதல் ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்தபோது ரம்லாவுக்கு அழுகை வந்தது. கேட்டால் கிடைத்திருக்கும், இத்தனை வருஷமும் கேட்காமல் போனோமே என்றிருந்தது.

கிளம்பிய பத்தாவது நிமிடம் கார் நின்றது. முன்னால் ஒரு தேங்காய் லாரி சாய்ந்து, சாலை முழுக்கத் தேங்காய். வெயில் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது.

"ரோட்டோரமா விரிச்சுக் குடுக்கட்டுங்களா? தண்ணி பாட்டில் இருக்குதுங்க."

"இத்தன பேரு பாக்கறப்பவா? என்ன நெனைப்பாங்க?"

நாற்பத்து மூன்று பேர் பார்க்க உபதேசம் செய்யலாம், நாலு பேர் பார்க்கத் தொழ முடியாது. உமர் பாரூக் ஹாரன் அடித்தார். தேங்காய்கள் அசையவில்லை. சூரியன் மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அது மறைய, செல்போன் கணீரென்று மக்ரிப் பாங்கு சொல்லி, அசர் போய்விட்டதைக் காருக்குள் அறிவித்தது.

அவருடைய செல்போன் ரம்லா கையில் இருந்தது. குழுவில் மைதீன் பிச்சை கேட்டிருந்தார்: "அசர் கிடைத்ததா பாய்?"

"பதில் என்னன்னு போடட்டுங்க?"

அவர் மறுபடி ஹாரன் அடித்தார். ரம்லா முழங்காலில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"ஊட்டுக்குப் போய்க் கலா பண்ணிக்கலாமுங்க. ரெண்டே ரக்அத்துதான். மார்க்கம் லேசு."